பைரேட்ஸ் ஆஃப் சிலிகான் வேலி: திருடியது யார், கையெழுத்துப் போட்டது யார்?

#1 வெண்திரை

மார்ட்டின் பர்க் இயக்கி, டி.என்.டி தொலைக்காட்சியில் 1999 ஜூன் 20 அன்று முதன்முதலாக ஒளிபரப்பான படம். ஸ்டீவ் ஜாப்ஸாக நோவா வைலி, பில் கேட்ஸாக ஆண்டனி மைக்கேல் ஹால். கதையைச் சொல்பவர்கள் இருவர்: ஆப்பிள் பக்கத்துக்கு, ஜாப்ஸோடு சேர்ந்து அதைத் தொடங்கிய வாஸ்னியாக்; மைக்ரோசாஃப்ட் பக்கத்துக்கு, கேட்ஸோடு வேலை செய்த பால்மர். நடிப்பைப் பற்றி இங்கே ஏற்கெனவே நிறையப் பேசிவிட்டோம். ஆட்களின் குணம் சரியாக வந்திருக்கிறது என்று வாஸ்னியாக்கே சொன்னதும் எல்லோருக்கும் தெரியும்.

இந்த இழையில் வேறொன்றைப் பேச வேண்டும். படம் முழுக்க "யார் யாரிடமிருந்து எடுத்தார்கள்" என்ற கேள்வியிலேயே நகர்கிறது. ஆனால் முடிவைத் தீர்மானித்தவை நான்கு ஒப்பந்தங்கள் என்பது என் கருத்து: 1975இல் ஆல்டேர் கணினியைச் செய்த மிட்ஸ், 1980இல் ஐ.பி.எம், 1985இல் ஆப்பிள், 1997இல் மறுபடியும் ஆப்பிள். இந்தக் காகிதங்களில் என்ன இருந்தது, அவற்றுக்குப் பின்னால் இருந்த வன்பொருளும் மென்பொருளும் எப்படி வேலை செய்தன என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். காட்சி வாரியாகப் போகலாம்.

#2 எட்டுபிட்

ஆல்டேரில் இருந்து தொடங்குகிறேன். படம் பார்ப்பவருக்கு அந்தப் பெட்டி என்ன செய்யும் என்பது கடைசி வரை புரியாது. அது புரிந்தால்தான் அதற்கு கேட்ஸ் தரப்பு எழுதிய பேசிக் என்ற நிரல்மொழி எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஆல்டேர் 8800 பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் 1975 ஜனவரி அட்டையில் வந்தது. இன்டெல் 8080 சில்லு, 2 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 256 பைட். திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. முகப்பில் 36 சிவப்பு விளக்குகள், 16 முகவரி சுவிட்சுகள், அவற்றுக்குக் கீழே கட்டுப்பாட்டுச் சுவிட்சுகள். அவ்வளவுதான். அட்டைப்படத்தில் இருந்ததே வெற்றுப் பெட்டி. மாதிரிக் கருவி அனுப்பும் வழியில் தொலைந்துபோனதால் உள்ளே எதுவும் இல்லாத கூட்டைப் படம் பிடித்தார்கள்.

இரண்டு எண்களைக் கூட்ட என்ன செய்ய வேண்டும் பாருங்கள். மொத்தம் 14 பைட், எண்மடி (8 அடிமான) எண்களில்:

072 200 000 107 072 201 000 200 062 202 000 303 000 000

பொருள்: 128ஆம் முகவரியில் உள்ளதை எடு, பி பதிவகத்தில் (சில்லுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) வை, 129இல் உள்ளதை எடு, இரண்டையும் கூட்டு, 130இல் போடு, தொடக்கத்துக்குத் திரும்பு. உள்ளிடும் முறை:

ஸ்டாப், பிறகு ரீசெட். வலப்பக்க எட்டு சுவிட்சுகளில் முதல் பைட்டை 00 111 010 என்று வைத்து டெப்பாசிட். அடுத்த பைட்டை வைத்து டெப்பாசிட் நெக்ஸ்ட். இப்படி 14ஆவது வரை. பிறகு சுவிட்சுகளில் 10 000 000 வைத்து எக்ஸாமின். இப்போது 128ஆம் முகவரியில் நிற்கிறோம். முதல் எண்ணுக்கு டெப்பாசிட், இரண்டாவதற்கு டெப்பாசிட் நெக்ஸ்ட். எல்லா சுவிட்சுகளையும் கீழே இறக்கி எக்ஸாமின், பிறகு ரன். ஒரு நொடி விட்டு ஸ்டாப். 10 000 010 வைத்து எக்ஸாமின் செய்தால் விடை தரவு விளக்குகளில் எரியும்.

வழக்கமாகத் தவறுவது மூன்று இடங்களில். முதல் பைட்டுக்கே டெப்பாசிட் நெக்ஸ்டை அழுத்தினால் நிரல் முழுவதும் ஒரு முகவரி தள்ளி உட்காரும். முகவரியின் கீழ்பாதி முதலில், மேல்பாதி பிறகு என்ற வரிசையை மாற்றி வைத்தால் இல்லாத நினைவகத்தைப் படிக்கப் போகும். புரொடெக்ட் போட்டு நினைவகம் பூட்டியிருந்தால் சுவிட்சைத் தட்டினாலும் எதுவும் பதியாது. மின்சாரம் போனால் எல்லாம் போய்விடும், மறுபடி ஒன்றிலிருந்து தட்ட வேண்டும்.

இப்படிப்பட்ட பெட்டியில் "பிரின்ட் 2+2" என்று தட்டச்சு செய்ததும் 4 என்று டெலிடைப் (தொலைத்தட்டச்சுக் கருவி) அடித்தது என்றால் அதன் கனம் விளங்கும். கேட்ஸும், அவரோடு மைக்ரோசாஃப்டைத் தொடங்கிய பால் ஆலனும் அதுவரை ஆல்டேரைத் தொட்டதில்லை. ஹார்வர்டில் இருந்த பிடிபி-10 கணினியில், இன்டெல் கையேட்டை வைத்து 8080 போல நடந்துகொள்ளும் நிரலை ஆலன் எழுதினார். அதன் மேல் பேசிக்கை எழுதினார்கள். தசமப் புள்ளிக் கணக்கு வழிமுறைகளை எழுதியவர் மான்டி டேவிடாஃப். படத்தில் அவருக்குக் கிடைக்கும் இடம் போதாது. கையேட்டில் ஒரே ஒரு ஆணையைத் தவறாகப் புரிந்திருந்தாலும் மிட்ஸ் இருந்த அல்புகர்கியில் ஆலன் பேசிக்கை ஓட்டிக் காட்டிய அந்தச் செய்முறை நின்றுபோயிருக்கும்.

#3 குறுக்குச்சந்து

எட்டுபிட் சார், ஒரு சந்தேகம். பேசிக் காகித நாடாவில் இருந்தது. திரையோ ரோமோ (அழியாத நினைவகம்) இல்லாத பெட்டிக்கு நாடாவைப் படிக்கவே தெரியாதே? ஆலன் செய்முறைக்குப் போகும் விமானத்தில் உட்கார்ந்து எழுதியது அதற்கான லோடர்தான், அதாவது நாடாவில் உள்ளதை நினைவகத்தில் ஏற்றும் சிறு நிரல்தான் என்கிறார்கள். அது எவ்வளவு பெரியது, எப்படி வேலை செய்யும்?

#4 எட்டுபிட்

ஆமாம், அதேதான். லோடரை எழுத மறந்துவிட்டோம் என்பது விமானத்தில்தான் நினைவுக்கு வந்தது. தரையிறங்குவதற்குள் எழுதி முடித்து, மறுநாள் சுவிட்சுகளில் கையால் தட்டி ஏற்றினார். ஏஎஸ்ஆர்-33 டெலிடைப் நொடிக்கு 10 எழுத்து படிக்கும். 4096 பைட் நாடா என்றால் ஏறக்குறைய 7 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

மிட்ஸ் பின்னாளில் கையேட்டில் கொடுத்த லோடர் 20 பைட். அதன் அமைப்பை விளக்குகிறேன், ஏனென்றால் அந்தக் கால நிரலாக்கம் எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது:

041 175 037 061 022 000 333 000 017 330 333 001 275 310 055 167 300 351 003 000

முதல் மூன்று பைட், எச்-எல் பதிவகத்தில் ஒரு முகவரியை வைக்கிறது. அடுத்த மூன்று, திரும்ப வேண்டிய முகவரி எங்கே இருக்கிறது என்று காட்டும் ஸ்டாக் சுட்டியை 022க்கு, அதாவது 18ஆம் பைட்டுக்குத் திருப்புகிறது. அங்கே இருப்பது 003 000, அதாவது "3ஆம் முகவரி". இனி எங்கே "ரிட்டர்ன்" வந்தாலும் 3ஆம் முகவரிக்குப் போகும், அங்கே ஸ்டாக் சுட்டி மறுபடி பழைய இடத்துக்கு வந்துவிடும். சாதாரணத் தாவல் ஆணைக்கு மூன்று பைட் வேண்டும். ரிட்டர்னுக்கு ஒன்றே போதும். சுவிட்சில் கையால் தட்டுபவருக்கு ஒவ்வொரு தாவலிலும் இரண்டு பைட் மிச்சம்.

மீதி: எழுத்து வந்துவிட்டதா என்று காட்டும் நிலைப் போர்ட்டைப் படித்து, எழுத்து வரவில்லை என்றால் திரும்பு. வந்திருந்தால் படி. அது எல் பதிவகத்தில் உள்ள எண்ணுக்குச் சமம் என்றால் திரும்பு. நாடாவின் தொடக்கத்தில் ஒரே எண் நீளமாகக் குத்தப்பட்டிருக்கும், அதைத் தாண்டுவதற்கு இந்த வழி. வேறு எண் வந்தால் எல்-ஐ ஒன்று குறைத்து அங்கே எழுது. பூஜ்யம் ஆகும்வரை திரும்பு. ஆனதும் ஏற்றிய இடத்துக்கே தாவு. ஆக இது நினைவகத்தில் பின்னிருந்து முன்னாக எழுதுகிறது. ஏற்றுவதும் பேசிக்கை அல்ல, பிழை சரிபார்க்கும் இன்னொரு பெரிய லோடரை. அதுதான் பேசிக்கைக் கொண்டுவரும்.

தவறும் இடம்: இரண்டாவது பைட்டும் நாடாவின் தலைப்பு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு பதிப்பு நாடாவைப் போட்டால் தலைப்பையே நிரல் என்று நினைத்து எழுதித் தள்ளும்.

#5 ஷரத்து

இந்த பேசிக்கோடு ஒட்டிய காகிதம்தான் முதல் ஒப்பந்தம். படம் இதை ஓரிரு வசனத்தில் கடந்துவிடுகிறது.

1975 ஜூலையில் கையெழுத்தானது. முன்பணம் 3,000 டாலர், பிறகு விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ராயல்டி, மொத்த ராயல்டிக்கு உச்சவரம்பு 1,80,000 டாலர். உரிமம் பத்து ஆண்டுகளுக்கு உலகம் முழுவதற்கும் மிட்ஸுக்கு மட்டுமே. மற்ற நிறுவனங்களுக்கு பேசிக்கைக் கொடுப்பதென்றாலும் மிட்ஸ் வழியாகத்தான் போக வேண்டும். இளைஞர்கள் இருவரின் கையைக் கட்டிப்போட்ட காகிதம் இது.

ஆனால் அதிலேயே ஒரு வரி: மிட்ஸ் தன் "முழு முயற்சியையும்" செலுத்தி பேசிக்கைப் பிறருக்கு விற்க வேண்டும். 1977இல் மிட்ஸை பெர்டெக் வாங்கியது. போட்டி நிறுவனங்களுக்கு பேசிக் போவதை பெர்டெக் விரும்பவில்லை. விஷயம் நடுவர் மன்றத்துக்குப் போனது. முழு முயற்சி செலுத்தவில்லை என்பதால் தீர்ப்பு மைக்ரோசாஃப்ட் பக்கம் வந்தது, பேசிக் அவர்கள் கைக்குத் திரும்பியது. தன் மென்பொருளை இனி யாருக்கும் தனியுரிமமாகக் கொடுப்பதில்லை என்ற பாடத்தை கேட்ஸ் கற்றது இங்கே. மூன்று ஆண்டு கழித்து ஐ.பி.எம் மேசையில் அவர் எதில் உறுதியாக நின்றார் என்பதற்கு இதுதான் வேர்.

நகல் எடுத்தவர்களுக்கு கேட்ஸ் எழுதிய திறந்த கடிதமும் இதே காலம்தான், 1976 பிப்ரவரி 3. ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவர்கூட பேசிக் வாங்கவில்லை என்று அதில் குமுறுகிறார். அதன் பின்னணியில் நினைவகப் போர்டின் கதையும் உண்டு. மிட்ஸ் தன் 4 கிலோபைட் டைனமிக் ரேம் போர்டுகளோடு சேர்த்து வாங்கினால் பேசிக்கை மலிவாகவும், தனியாகக் கேட்டால் பல மடங்கு விலைக்கும் கொடுத்தது. அந்தப் போர்டுகளோ ஒழுங்காக வேலை செய்யாததில் பேர் பெற்றவை. வாடிக்கையாளர்கள் புராசசர் டெக்னாலஜியின் ஸ்டாட்டிக் ரேம் போர்டுகளை வாங்கிக்கொண்டு நாடாவை நகல் எடுத்துக்கொண்டார்கள். நகல் எடுத்தது சரி என்று சொல்ல வரவில்லை. விலை அமைப்பே அதைத் தூண்டியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

#6 மின்கடத்தி

ஆப்பிள் பக்கமும் ஒரு வார்த்தை. படத்தில் வாஸ்னியாக் நல்ல மனிதர், வேடிக்கையான மனிதர், அடிபட்ட மனிதர். அவர் எப்பேர்ப்பட்ட பொறியாளர் என்பது தெரியவே தெரியாது. எனக்கு இதுதான் படத்தின் பெரிய இழப்பு.

ஆப்பிள் 2 கணினியின் கடிகாரத் துடிப்பைத் தரும் படிகம் 14.31818 மெகாஹெர்ட்ஸ். இதை நான்கால் வகுத்தால் 3.58, அமெரிக்கத் தொலைக்காட்சியின் வண்ணக் குறிப்பலை. பதினான்கால் வகுத்தால் ஏறத்தாழ 1.02, 6502 சில்லுக்கான கடிகாரம். ஒரே படிகத்தில் இரண்டு வேலை. ஆனால் திரையின் ஒரு வரிக்கு 65 சுழற்சி என்று வைத்தால் 65 பெருக்கல் 14, 910 துடிப்பு. அதை நான்கால் வகுத்தால் முழு எண் வராது, ஒவ்வொரு வரியிலும் வண்ணம் அரைச் சுற்று நகர்ந்துவிடும். அதனால் 65ஆவது சுழற்சியை மட்டும் இரண்டு துடிப்பு நீட்டினார். 912. நான்கால் வகுத்தால் 228, முழு எண். எல்லா வரியிலும் வண்ணம் ஒரே இடத்தில் நிற்கும்.

இன்னொன்று: 6502 ஒவ்வொரு சுழற்சியிலும் பாதி நேரம்தான் நினைவகத்தைத் தொடும். மீதிப் பாதியில் திரைச் சுற்று படிக்கிறது. அந்தப் படிப்பே டைனமிக் ரேமைப் புதுப்பித்தும் விடுகிறது. புதுப்பிக்கத் தனிச் சுற்றே வேண்டாம். இதற்கு ஒரு விலையும் உண்டு. வண்ணம் முழுக்க அமெரிக்க அலைவரிசையோடு பின்னிக் கிடந்ததால் ஐரோப்பிய பால் முறைத் தொலைக்காட்சிகளில் வண்ணத்துக்குத் தனி அட்டை தேவைப்பட்டது.

1978இல் வந்த டிஸ்க் 2 நெகிழ்வட்டு இயக்கியின் கட்டுப்பாட்டு அட்டையில் எட்டே சில்லுகள். 35 தடம், தடத்துக்கு 13 பிரிவு, பிரிவுக்கு 256 பைட், மொத்தம் 113.75 கிலோபைட். வன்பொருள் செய்ய வேண்டிய நேரக் கணக்கை 6502இன் மென்பொருள் செய்தது. இதையெல்லாம் திரையில் காட்டுவது கடினம்தான். ஆனாலும் வாஸ்னியாக்கைச் சிரிப்புக்கும் கண்ணீருக்கும் மட்டும் பயன்படுத்தியது நியாயம் இல்லை.

#7 வெண்திரை

மின்கடத்தி சொல்வது சரி. தொலைபேசியில் காசு கொடுக்காமல் தொலைதூரம் பேச உதவிய நீலப்பெட்டியின் காட்சிக்கும் இது பொருந்தும். அதைக் குறும்பாகத்தான் காட்டுகிறார்கள். அந்தப் பெட்டி எழுப்பிய 2600 ஹெர்ட்ஸ் ஒலி ஏன் வேலை செய்தது என்று யாராவது சுருக்கமாகச் சொல்லுங்களேன்?

#8 மின்கடத்தி

பேச்சும் கட்டளையும் ஒரே கம்பியில் போனதால். தொலைதூர இணைப்பு சும்மா இருக்கும்போது இரு முனையும் 2600 ஹெர்ட்ஸ் ஒலிக்கும். இலவச எண்ணை அழைத்து அந்த ஒலியைக் கொடுத்தால் எதிர்முனை, அழைப்பு முடிந்தது என்று நினைத்து அடுத்த எண்ணுக்குக் காத்திருக்கும். உள்ளூர் நிலையத்தின் பில் கணக்கிலோ இன்னும் இலவச அழைப்புதான் ஓடும். பிறகு இரட்டை ஒலிகள்: தொடக்கத்துக்கு 1100ம் 1700ம், முடிவுக்கு 1500ம் 1700ம், நடுவே எண்கள்.

மற்றவர்கள் செய்த பெட்டிகளில் ஒலியை உண்டாக்கும் சுற்று வெப்பம் மாறினால் சுருதி நழுவும். வாஸ்னியாக் படிகத்தின் துடிப்பை எண்ணிப் பிரித்து ஒலி உண்டாக்கினார். சுருதி நகராது. கட்டளைகளைத் தனிக் கம்பிக்கு மாற்றும் முறை 1976இலிருந்து வரத் தொடங்கியதும் இந்த வழி மெல்ல மூடியது.

#9 நாடோடிப்பறவை

ஜெராக்ஸ் காட்சிக்கு வருவோம். "ஆப்பிள் ஜெராக்ஸிடம் திருடியது, மைக்ரோசாஃப்ட் ஆப்பிளிடம் திருடியது" என்ற வாய்ப்பாடு இந்தப் படத்தால்தான் பலர் வாயில் ஏறியது. முதல் பாதி தவறு.

ஜாப்ஸ் குழு ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்துக்குப் போனது 1979 டிசம்பரில். சும்மா போகவில்லை. ஆப்பிள் பங்குச் சந்தைக்கு வருவதற்கு முன்பே 1,00,000 பங்குகளைச் சுமார் 10 லட்சம் டாலருக்கு வாங்க ஜெராக்ஸின் முதலீட்டுப் பிரிவை ஆப்பிள் அனுமதித்தது. பதிலுக்கு ஜெராக்ஸ் கதவைத் திறந்தது. 1980 டிசம்பர் 12இல் பங்கு 22 டாலருக்கு வெளியானபோது, பங்குப் பிரிப்புகளுக்குப் பின் ஜெராக்ஸிடம் இருந்தது 8,00,000 பங்கு, மதிப்பு 1 கோடியே 76 லட்சம் டாலர். இதைத் திருட்டு என்று எப்படிச் சொல்வது?

பார்த்தது ஆல்ட்டோ கணினியில் ஓடிய ஸ்மால்டாக், சாளரங்களும் மவுஸும் கொண்ட நிரலாக்கச் சூழல். ஆல்ட்டோ 1973இலேயே உருவாகிவிட்டது, கடைக்கு வரவே இல்லை. ஜெராக்ஸ் விற்ற ஸ்டார் 1981இல் வந்தது, விலை 16,595 டாலர். ஆப்பிளில் லிசா திட்டமும், ஜெஃப் ராஸ்கினின் மெக்கின்டாஷ் திட்டமும் அந்த வருகைக்கு முன்பே தொடங்கியவை.

பார்த்ததை அப்படியே எடுக்கவும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் சாளரங்களில், மறைந்து நிற்கும் ஒன்றின் எட்டிப்பார்க்கும் பகுதியில் மட்டும் வரைவதற்கு பில் அட்கின்சன் "ரீஜன்" என்ற முறையைக் கண்டுபிடித்தார். பார்க்கில் அது இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டார், அங்கே இல்லை. திரையின் மேல்விளிம்பில் இழுத்தால் இறங்கும் மெனுப்பட்டி ஆப்பிளில் உருவானது. பார்க்கின் மூன்று பொத்தான் மவுஸ் ஒரே பொத்தானாக மாறியது. விலை உயர்ந்த ஆய்வகக் கருவியாக இருந்த அந்த மவுஸை மேசைப் பொருளாக்கும் வேலை ஹோவி-கெல்லி நிறுவனத்திடம் போனது.

அந்த இயந்திரம் எவ்வளவு சின்னது என்பதையும் பாருங்கள். 1984 ஜனவரி 24இல் வந்த மெக்கின்டாஷில் 128 கிலோபைட் ரேம். 512க்கு 342 புள்ளித் திரைக்கே 21,888 பைட் போய்விடும். ஒரே 400 கிலோபைட் இயக்கி. நிரலும் சிஸ்டமும் கோப்பும் வேறு வேறு தட்டில் இருந்தால் ஒரு கோப்பை நகல் எடுக்கத் தட்டை மாற்றி மாற்றிப் போட வேண்டும். படம் கொண்டாடும் அந்த இயந்திரம் முதல் ஆண்டு விற்பனையில் தடுமாறியதற்கு இந்த நினைவகப் பஞ்சம் ஒரு முக்கியக் காரணம்.

#10 குறுக்குச்சந்து

பங்கு வாங்கியது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பங்கை வாங்கியது ஜெராக்ஸின் முதலீட்டுப் பிரிவு, கண்டுபிடித்தவர்கள் பார்க் ஆய்வாளர்கள். அடெல் கோல்ட்பெர்க் அந்தச் செய்முறையைக் காட்டக் கடைசி வரை எதிர்த்தார், மேலிடம் உத்தரவிட்ட பிறகுதான் காட்டினார். படத்தில் அந்தப் பெண் அதிகாரியின் முகத்தில் தெரியும் கோபம் உண்மையானது. "திருட்டு" என்ற சொல் தவறு என்றால் ஏற்கிறேன். "நியாயமான கொடுக்கல் வாங்கல்" என்பதையும் அதே அளவு தயக்கத்தோடுதான் சொல்ல வேண்டும். உழைத்தவர்களுக்குக் கருத்துக் கேட்கப்படவில்லை.

#11 நாடோடிப்பறவை

ஏற்கிறேன் நண்பரே. லாரி டெஸ்லர் போன்றவர்கள் பிறகு ஆப்பிளுக்கே போய்ச் சேர்ந்ததையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். தங்கள் வேலை பெட்டிக்குள் தூங்குவதைப் பொறுக்க முடியாதவர்கள் பலர் அங்கே இருந்தார்கள்.

#12 ஷரத்து

இப்போது ஐ.பி.எம். இந்தக் காட்சியில்தான் படம் வரலாற்றுக்கு உண்மையான தீங்கு செய்கிறது என்பது என் உறுதியான கருத்து.

திரையில் கேட்ஸ் கையில் இல்லாத ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஐ.பி.எம்முக்கு விற்கிறார், பிறகு ஆலன் 50,000 டாலருக்கு ஒன்றை வாங்கி வருகிறார். நடந்தது வேறு. ஐ.பி.எம் 1980இல் மைக்ரோசாஃப்டிடம் வந்தது முக்கியமாக நிரல்மொழிகளுக்காக. ஆப்பரேட்டிங் சிஸ்டம் கேட்டபோது, அது எங்களுடையது அல்ல, பசிபிக் குரோவில் உள்ள டிஜிட்டல் ரிசர்ச்சின் கேரி கில்டாலிடம் போங்கள் என்று கேட்ஸே அனுப்பினார். அங்கே ரகசியக் காப்பு ஒப்பந்தத்திலேயே பேச்சு சிக்கியது. அன்றைய மைக்ரோ கணினி உலகின் பொதுத்தளமான சிபி/எம் ஆப்பரேட்டிங் சிஸ்டம் கில்டாலுடையது. அவர் இல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது பெரிய அநீதி.

வாங்கியதும் ஒரே தவணையில் இல்லை. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸின் 86-டாஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு முதலில் 25,000 டாலரில் விற்பனை உரிமம். வாடிக்கையாளர் யார் என்று சொல்லவில்லை. 1981 ஜூலையில், ஐ.பி.எம் பிசி வெளியாக இரு வாரம் இருக்கையில், 50,000 டாலருக்கு முழு உரிமை. அதில் சியாட்டில் நிறுவனத்துக்கு மீதம் வைத்த உரிமம் பற்றிய வழக்கு 1986இல் 9,25,000 டாலர் கொடுத்து முடிந்தது. படம் சொல்லும் 50,000ஐவிட இந்தத் தொகைதான் அந்த மென்பொருளின் மதிப்பைக் காட்டுகிறது.

ஐ.பி.எம் ஒப்பந்தம் 1980 நவம்பர் 6. மைக்ரோசாஃப்ட் பிரதிக்கு இவ்வளவு என்று ஐ.பி.எம்மிடம் ராயல்டி கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்: இதை மற்றவர்களுக்கும் விற்கும் உரிமை எங்களிடம் இருக்கும். மிட்ஸ் காகிதத்தில் இழந்ததை இங்கே விடவில்லை.

இது தன் சிபி/எம்மைப் போலவே இருக்கிறது என்று கில்டால் எதிர்ப்புத் தெரிவித்ததும், அதன் 8086 பதிப்பான சிபி/எம்-86ஐயும் விற்க ஐ.பி.எம் ஒப்புக்கொண்டது. பிசி-டாஸ் (மைக்ரோசாஃப்ட் கொடுத்ததற்கு ஐ.பி.எம் வைத்த பெயர்) 40 டாலர், சிபி/எம்-86 240 டாலர். அந்த விலைப்பட்டியலைப் பார்த்த பிறகு வாங்குபவர் எதை எடுப்பார்?

#13 எட்டுபிட்

86-டாஸ் ஏன் பிறந்தது என்பதையும் சேர்க்க வேண்டும், சார். சியாட்டில் நிறுவனம் 8086 செயலி அட்டையைச் செய்துவிட்டது. ஓட்ட சிபி/எம்-86 வேண்டும், அது தள்ளித் தள்ளிப் போனது. அட்டை விற்கவில்லை. 1980 ஏப்ரலில் டிம் பேட்டர்சன் தானே எழுத உட்கார்ந்தார். முதல் பெயர் க்யூடாஸ்.

"டாஸ் என்பது சிபி/எம்மின் நகல்" என்று இங்கே அடிக்கடி எழுதுகிறார்கள். பாதி சரி. எது ஒன்று, எது வேறு என்று பார்ப்போம்.

ஒன்றாக இருப்பவை: 8 எழுத்துப் பெயர், 3 எழுத்துப் பின்னொட்டு. நிரல் 100 என்ற பதினறும முகவரியில் தொடங்குவது. கட்டளை வரியின் மீதிப்பகுதி 80இல் இருப்பது. கோப்புக் கட்டுப்பாட்டுத் தொகுதி 5சி-யில் இருப்பது. 5ஆம் முகவரியை அழைத்தால் சிஸ்டம் கிடைப்பது. சேவை எண்கள்கூட ஒன்றே. காரணம் நடைமுறைதான்: 8080 நிரலை இயந்திர மாற்றியில் போட்டு 8086க்குக் கொண்டுவந்தால் அப்படியே ஓட வேண்டும்.

வேறாக இருப்பவை உள்ளே. சிபி/எம்மில் கோப்பு எந்தக் கட்டங்களில் இருக்கிறது என்பது 32 பைட் அடைவுப் பதிவுக்குள்ளேயே எழுதப்படும். கோப்பு பெரிதானால் இன்னொரு பதிவு. டாஸில் அதற்குத் தனி அட்டவணை, ஃபேட், 12 பிட் பதிவுகள், இரண்டு பிரதி. இதன் கருத்து மைக்ரோசாஃப்டின் மார்க் மெக்டொனால்ட் எழுதிய டிஸ்க் பேசிக்கில் இருந்து வந்தது. சிபி/எம் கோப்பின் நீளத்தை 128 பைட் கணக்கில்தான் அறியும். எழுத்துக் கோப்பு எங்கே முடிகிறது என்று கண்ட்ரோல்-இசட் குறி போட வேண்டியது அதனால்தான். டாஸ் சரியான பைட் எண்ணிக்கையை வைத்திருந்தது. சிபி/எம்மில் தட்டை மாற்றிவிட்டு கண்ட்ரோல்-சி அழுத்தாமல் எழுதப் போனால் பிடாஸ் (சிபி/எம்மின் கோப்புச் சேவைப் பகுதி) பிழை வந்து நிரல் விழும், செய்த வேலை போய்விடும்.

ஆக, வெளி முகம் சிபி/எம், உள்ளே எலும்பு வேறு. கில்டாலுக்குக் கடன் உண்டு. ஆனால் அவருடைய நிரல் வரிகள் எடுக்கப்பட்டன என்பது வேறு குற்றச்சாட்டு, அதற்குச் சான்று கிடையாது.

#14 குறுக்குச்சந்து

மற்றவர்களுக்கு விற்கும் உரிமை இருந்தால் மட்டும் போதுமா? அந்த "மற்றவர்கள்" எப்படி வந்தார்கள் என்று படம் சொல்லவே இல்லை.

#15 எட்டுபிட்

போதாது. ஐ.பி.எம் பிசியில் எல்லாமே வெளிச்சந்தைப் பாகங்கள், கணினியைத் தொடங்கி வன்பொருளை இயக்கும் அடிப்படை நிரலான பயாஸ் ஒன்றைத் தவிர. அதன் மூல நிரலை ஐ.பி.எம் தன் தொழில்நுட்பக் கையேட்டிலேயே அச்சிட்டிருந்தது. தாராளம் போலத் தோன்றும். ஆனால் அதைப் படித்தவர் எழுதும் எதுவும் பதிப்புரிமை மீறல் என்று வழக்குப் போடலாம். வழி: ஒரு குழு படித்து "இந்த அழைப்பு வந்தால் இந்த விளைவு" என்று மட்டும் எழுதும். கையேட்டைக் கண்ணால் பார்க்காத இரண்டாவது குழு அதை வைத்துப் புதிதாக எழுதும். 1982 நவம்பரில் அறிவித்த காம்பாக் போர்ட்டபிளுக்கு இப்படித்தான் செய்தார்கள். 1984இல் ஃபீனிக்ஸ் இதையே யாருக்கும் உரிமமாக விற்கத் தொடங்கியதும் அணை உடைந்தது.

எம்எஸ்-டாஸ் (மைக்ரோசாஃப்ட் மற்றவர்களுக்கு விற்ற அதே டாஸ்) இருந்தால் போதும் என்று நினைத்தவர்கள் தோற்றார்கள். டெக் ரெயின்போ, டாண்டி 2000 இரண்டிலும் எம்எஸ்-டாஸ் ஓடியது. ஆனால் 1983இல் வந்த விரிதாள் நிரலான லோட்டஸ் 1-2-3 வேகத்துக்காக டாஸைத் தாண்டி திரை நினைவகத்திலேயே எழுதியது. அந்த முகவரி வேறாக இருந்தால் திரையில் எதுவும் வராது. லோட்டஸும் ஃபிளைட் சிமுலேட்டரும் ஓடுகிறதா என்பதே அன்றைய சோதனை.

#16 வெண்திரை

இப்போது கடைசி இரண்டு காகிதங்கள். ஜாப்ஸ், கேட்ஸ் நேருக்கு நேர் மோதும் காட்சிதான் படத்தின் உச்சம். ஆனால் ஆப்பிள் கடைசியில் நீதிமன்றத்தில் தோற்றது எதனால்?

#17 ஷரத்து

1985 நவம்பரில் ஆப்பிளின் அன்றைய தலைவர் ஜான் ஸ்கல்லி போட்ட கையெழுத்தால். ஜாப்ஸ் அப்போது ஆப்பிளில் இல்லை. விண்டோஸ் 1.0 அந்த மாதம் 20ஆம் தேதி வந்தது, சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாக இருக்கும். விண்டோஸ் 1.0இலும் குறிப்பிட்ட சில நிரல்களிலும் உள்ள திரைக் காட்சிகளை மைக்ரோசாஃப்ட் தன் அப்போதைய, வருங்கால நிரல்களில் பயன்படுத்தலாம் என்று ஆப்பிள் எழுதிக் கொடுத்தது. மெக்குக்கான வேர்டும் எக்செலும் தொடர வேண்டும் என்பது ஆப்பிளின் அவசரம்.

சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் விண்டோஸ் 2 வந்த பிறகு, 1988 மார்ச் 17இல் ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. பட்டியலிட்ட கூறுகள் 189. அவற்றில் 179 அந்த உரிமத்துக்குள் அடங்கிவிட்டன என்றது நீதிமன்றம். மீதி 10இல் பெரும்பாலானவை பதிப்புரிமைக்கே உட்படாதவை. 1994இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. "வருங்கால" என்ற சொல்லை அடித்திருந்தால் வழக்கின் பாதையே வேறு.

1997 ஆகஸ்ட் 6, பாஸ்டனில் மேக்வேர்ல்ட் மாநாடு. படம் இதை ஜாப்ஸின் தோல்வியாக வைக்கிறது, பெரிய திரையில் கேட்ஸின் முகம், கீழே சின்ன உருவமாக ஜாப்ஸ். காட்சி நடந்ததுதான், அரங்கில் கூச்சலும் எழுந்தது. ஆனால் காகிதத்தில் இருந்தது: வாக்குரிமை இல்லாத பங்குகளில் 15 கோடி டாலர், மெக்குக்கு ஐந்தாண்டு ஆபீஸ், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இயல்பு உலாவி, இரு தரப்புக் காப்புரிமைகளும் பரஸ்பரம். நான்கு காகிதங்களில் இது ஒன்றுதான் ஆப்பிளுக்கு மூச்சு கொடுத்தது. கட்டுப்பாடு எதுவும் கைமாறவில்லை. இதைத் தோல்வி என்று காட்டியதை நான் ஏற்கவில்லை.

#18 நாடோடிப்பறவை

#13க்கு ஒரு பின்சேர்க்கை. சொல்வதை நம்ப வேண்டாம், ஓட்டிப் பார்க்கலாம். எம்எஸ்-டாஸ் 1.1, 2.0 மூல நிரல்களை 2014இல் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் வெளியிட்டது. ஆல்டேர் பேசிக்கின் மூல நிரலை 2025இல் கேட்ஸே வெளியிட்டார். ஆல்டேருக்கு சிம்ஹெச் தொகுப்பில் உள்ள ஆல்டேர்-இசட்80 போலியாக்கி போதும். அதிலேயே சிபி/எம்மும் ஓடும்.

சிபி/எம்மில் ஒரு வரி அச்சிட: சி பதிவகத்தில் 9, டிஇ-யில் செய்தியின் முகவரி, 5ஐ அழை, திரும்பு. டாஸ் போலியாக்கியான டாஸ்பாக்ஸில் அதே வேலை: ஏஹெச் பதிவகத்தில் 9, டிஎக்ஸ்-இல் செய்தியின் முகவரி, பதினறுமம் 21ஆம் இடைமறிப்பு, திரும்பு. இரண்டிலும் நிரலைப் பதினறுமம் 100இல் தொடங்குங்கள், இரண்டிலும் செய்தியின் கடைசியில் டாலர் குறி போடுங்கள். 9ஆம் சேவை வரி முடிந்ததை அறிவது அந்தக் குறியால்தான். போடாமல் விட்டால், நினைவகத்தில் எங்காவது ஒரு டாலர் குறி தட்டுப்படும்வரை இரண்டுமே ஒரே மாதிரி குப்பையை அச்சிட்டுக்கொண்டே போகும்.